மேற்கு இந்தியா: மழையும் பாறையும் தொழிலும் – எது எதைத் தீர்மானிக்கிறது?

வரைபடப்பிரியன் – கேள்வி

வணக்கம் நண்பர்களே. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேற்கு இந்தியாவின் புவியியல் குறித்து ஒரு பாடக்குறிப்பு தயாராகிறது. பாடநூலில் மாநிலவாரியாகப் பட்டியல்தான் இருக்கிறது: குஜராத்தில் உப்பு, மும்பையில் பருத்தி ஆலை, கோலாப்பூரில் சர்க்கரை, ஆலங்கில் கப்பல் உடைப்பு. ஏன் அங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

முக்கியமாக இரண்டு சந்தேகங்கள். மகாபலேஷ்வரில் ஏறத்தாழ 6,000 மி.மீ. மழை, கிழக்கே சற்றுத் தள்ளினால் 600, 700 தான். மழை மறைவுப் பகுதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? அடுத்தது கட்ச். மூன்று பக்கமும் கடலும் உப்புச் சதுப்பும் சூழ்ந்த இடம், பருவக்காற்றும் அதன் மேல்தான் வீசுகிறது. ஆனால் மழை 400 மி.மீ. சுற்றித்தான். ஆரவல்லி மலை காற்றுக்கு இணையாக இருப்பதால்தான் என்கிறது புத்தகம். அது போதுமான விளக்கமா?

தொழில்களையும் இதோடு இணைத்து யாராவது விளக்கினால் நன்றி உள்ளவனாக இருப்பேன்.

மழைமானி

முதலில் எல்லை. மேற்கு மண்டலக் குழுவில் இருப்பவை மகாராஷ்டிரம், குஜராத், கோவா, 2020 ஜனவரி 26 அன்று ஒன்றாக்கப்பட்ட தாத்ரா நகர் ஹவேலி – டாமன் டையூ. ராஜஸ்தான் நிர்வாகக் கணக்கில் வடக்கு மண்டலத்தில் வருகிறது. ஆனால் மழையைப் பேசும்போது அந்தக் கோடு உதவாது. பார்மரையும் ஜெய்சால்மரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்ச் புரியாது.

மகாபலேஷ்வர் கணக்கு எளிது. மலையின் மேற்கு அடிவாரத்து ஊரான மகாட் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலை ஒரே எழும்பலாக எழும்பி மகாபலேஷ்வரில் 1,350 மீட்டரைத் தொடுகிறது. இங்கே சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி மலை) மெல்ல ஏறும் மலைத்தொடர் அல்ல, பீடபூமியின் செங்குத்தான விளிம்பு. அரபிக்கடலில் நிறைய ஈரத்தை வாங்கிக்கொண்டு வரும் காற்று சில கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் தூக்கப்படுகிறது. குளிர்ந்து, சுமந்த ஈரத்தை அந்த விளிம்பிலேயே கொட்டிவிடுகிறது. பிறகு கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி சூடேறுகிறது. வாய் ஊர் 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எனவே இறக்கத்திலேயே 6 டிகிரி கூடிவிடும். காற்றில் மிச்சமிருக்கும் ஈரம் மேகமாகத் திரள வழியில்லை. மகாபலேஷ்வருக்கும் வாய்க்கும் சாலையில் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான், மழையோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. நடுவில் இருக்கும் பஞ்ச்கனியைக் கட்டாயம் சேருங்கள். அதன் உயரம் மகாபலேஷ்வரைவிட அதிகம் குறைவில்லை, மழை மட்டும் மூன்றில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடுகிறது. உயரமாக இருந்தால் போதாது, விளிம்பில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கட்ச் வேறு கதை. ஆரவல்லி இணையாக இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் பாதி விளக்கம். மவுண்ட் அபுவைப் பாருங்கள். குரு சிகரம் 1,722 மீட்டர். அபுவில் 1,500 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது, அடிவாரச் சமவெளியில் அதில் பாதிகூட இல்லை. அதாவது தூக்கிவிட ஒரு மேடு கிடைத்தால் அங்கும் மழை பெய்கிறது. கட்ச், தார் சமவெளியில் தூக்க ஆளில்லை. அதைவிடப் பெரிய காரணம் மேலே இருக்கிறது. 20 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே போகப் போக, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துக்குத்தான் இருக்கும். அதற்கு மேல் அரேபியா, பலூசிஸ்தான் பக்கத்திலிருந்து வரும் சூடான உலர்காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடுகிறது. கீழே உள்ள ஈரக்காற்று அந்த மூடியைப் பிளந்து மேலேற முடியாது. ஜூன், ஜூலையில் கட்ச் கடற்கரையில் கசகசவென்று ஈரப்பதம் இருக்கும், தாழ்ந்த மேகம் வேகமாக ஓடிக்கொண்டே இருக்கும், பலத்த காற்று வீசும், ஆனால் தூறலோடு நின்றுவிடும். அந்தக் காற்றை நம்பித்தான் இன்று கட்சில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன.

பின் மழை எப்படிப் பெய்கிறது? வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் ஒடிசா, மத்தியப் பிரதேசம் வழியாகக் குஜராத் வரை வந்து சேரும்போது மூடி உடைகிறது. அதனால் ஆண்டு மழை முழுவதும் சில நாட்களில் கொட்டிவிடும். 2017 ஜூலையில் பனாஸ்காண்டாவில் வந்த வெள்ளம் இந்த வகைதான். கட்சில் மழை நாள் என்று கணக்கில் வருவது ஆண்டுக்கு இருபதைத் தொடுவதே அரிது. ஆகவே அங்கே சராசரி மழை என்ற எண்ணைப் பாடத்தில் எழுதும்போது, அது எந்த ஆண்டும் அப்படியே பெய்வதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மும்பைக்கு ஒரு எச்சரிக்கை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பதிவானது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 73 மி.மீ. தான். எல்லாவற்றையும் மலையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

வடக்கு நோக்கிக் குறைவதைக் காட்ட மும்பை – அகமதாபாத் ரயில் பாதையே போதும். வல்சாட்டில் 2,000 மி.மீ. அளவு, சூரத்தில் 1,200 சுற்றி, வதோதராவில் 900, அகமதாபாத்தில் 800. சஹ்யாத்ரி தபதி ஆற்றோடு முடிந்துவிடுகிறது. மலை நின்ற இடத்தில் மழையும் சரியத் தொடங்குகிறது.

பாத்திக்கட்டு

மழைமானி சொன்ன அந்த மூடிதான் குஜராத்தின் உப்புத் தொழிலுக்கு முதலீடு. இந்தியாவின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது. கடல் எங்கும் இருக்கிறது, எட்டு மாதம் மழையில்லாத வெயிலும் காற்றும் தட்டையான களிமண் நிலமும் ஒன்றாகக் கிடைப்பதுதான் அரிது.

இரண்டு வகை உப்பளங்கள் உண்டு, மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள். ஜாம்நகர், மிதாப்பூர், பரூச் பக்கம் கடல்நீர் உப்பு. கரகோடாவைச் சுற்றிய சின்ன ரண் என்ற உப்புச் சதுப்புப் பகுதியில் விளைவது நிலத்தடி உவர்நீர் உப்பு. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இடம் அது.

சின்ன ரண் மழைக்காலத்தில் ஏரி. கட்ச் வளைகுடாவின் கடல்நீர் ஒருபக்கம் ஏறும், பனாஸ், ரூபேன் போன்ற ஆறுகள் மறுபக்கம் வந்து கொட்டும். அக்டோபரில் நீர் வடிந்ததும் உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்கள் உள்ளே போய்க் கிணறு தோண்டுவார்கள். உவர்நீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவில் கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி. ரண்ணின் நிலத்தடி நீர் அதைப்போல் பல மடங்கு உவர்ப்பானது, அதனால் பாதி வேலை மண்ணுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பாத்தித் தரையை ஈரத்தோடு காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். இது சரியாக அமையாவிட்டால் அடர்த்தி ஏறிய நீர் கீழே கசிந்துபோகும், உப்பிலும் மண் ஏறும். பிறகு நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துவது. எந்தப் பாத்தியில் எந்த டிகிரி என்பதில்தான் உப்பின் தரம் இருக்கிறது. 13 டிகிரி நெருங்கும் முன்பே சுண்ணாம்புச் சத்து படிந்துவிடும். அங்கிருந்து 25 வரை ஜிப்சம் படியும். 25 டிகிரியில்தான் சாப்பாட்டு உப்பு உறையத் தொடங்கும். ஆகவே 25 ஆகும் வரை நீரை விளைச்சல் பாத்திக்குள் விடக் கூடாது. அவசரப்பட்டு 22, 23இல் விட்டால் ஜிப்சமும் உப்பும் சேர்ந்து விளையும். மறுமுனையிலும் கவனம் வேண்டும். 29, 30 டிகிரியைத் தாண்டினால் மெக்னீசியம் உப்புகள் சேரும்: உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அந்த நிலையில் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட்டுப் புது நீர் விட வேண்டும். கடல்நீரை 3.5இலிருந்து 25க்குக் கொண்டுவர அதன் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாக வேண்டும் என்பதை மாணவர்களிடம் சொல்லுங்கள், ரண் உவர்நீரின் அருமை அப்போதுதான் தெரியும்.

ரண் உப்பு பட்டாணி அளவு பரல். அது தானாக வருவதில்லை. பாத்தியில் உறையும் உப்பை அப்படியே விட்டால் அடியில் பாளமாக ஒட்டிக்கொள்ளும். மரப்பற்கள் வைத்த நீண்ட வாருபலகையால் விடாமல் கீறிப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு பரலும் தனியாக நின்று எல்லாப் பக்கமும் நீரைத் தொட்டு வளர்வதற்கு அந்தக் கீறல்தான் காரணம். முட்டளவு உவர்நீரில் நின்று பல மாதம் இந்த வேலையைச் செய்யும் அகரியாக்களின் கால்தோல் இறுகிக் கட்டையாகிவிடுகிறது. உப்புத் தொழில் என்று ஒற்றை வரியில் எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

கெடுப்பது எது? மார்ச்சில் வரும் கோடை மழை. 25 டிகிரியில் நின்ற நீரை ஒரு மழை கீழே இறக்கிவிடும், விளைந்த பரலும் கரையும், மிதித்த தரையும் இளகும். நர்மதா கால்வாய் உபரி நீர் ரண்ணுக்குள் வந்தாலும் இதேதான். செலவில் பெரும்பகுதியை முன்பு டீசல் பம்பு தின்றது. மானியத்தோடு சூரிய சக்தி பம்புகள் வந்த பிறகு அது பெரிதும் குறைந்திருக்கிறது.

உப்போடு கதை முடிவதில்லை. சௌராஷ்டிரக் கடற்கரையில் நல்ல சுண்ணாம்புக்கல் இருக்கிறது. உப்பு, சுண்ணாம்புக்கல், அம்மோனியா மூன்றையும் வைத்துச் சோடா சாம்பல் செய்யலாம். ஒரு டன் சோடா சாம்பலுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பு வேண்டும். அவ்வளவு எடையைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து கட்டுப்படியாகாது என்பதால்தான் ஆலைகள் மிதாப்பூர், போர்பந்தர், சுத்ராபாடா, பாவ்நகர் என்று அதே கரையில் நிற்கின்றன. கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் அதுதான் மூலப்பொருள். வடித்துவிடும் கசப்பு நீரிலிருந்து கட்சில் புரோமினும் எடுக்கிறார்கள்.

வரைபடப்பிரியன்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. போமே டிகிரி விவரம் அப்படியே வகுப்பில் பயன்படும். மும்பை ஆலைகளுக்கு "கடற்கரை ஈரப்பதத்தால் நூல் அறாது" என்று புத்தகம் காரணம் சொல்கிறது. இது சரியா? கோலாப்பூர், சோலாப்பூர் சர்க்கரை ஆலைகள் பற்றியும் யாராவது எழுதுங்கள். மழை மறைவுப் பகுதியில் கரும்பு எப்படி என்பது விளங்கவில்லை.

நூற்புக்கதிர்

ஈரப்பதம் உதவியது உண்மை. பருத்தி நூல் உலர்ந்தால் வலுவிழக்கும், நெசவுக் கூடத்தில் 75, 80 சதவீத ஈரப்பதம் இருந்தால் அறுபடுவது குறையும். ஆனால் அதுவே காரணம் என்றால் அகமதாபாத்தை எங்கே வைப்பது? அங்கே ஆண்டின் பெரும்பகுதி வறண்ட காற்று. 1861இல் ரஞ்சோட்லால் சோட்டாலால் தொடங்கிய ஆலையிலிருந்து அது இந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கும் வரை வளர்ந்தது. கூடத்துக்குள் நீரைத் தெளித்து ஈரத்தைச் செயற்கையாக உண்டாக்கிவிட முடியும். பணத்தையும் சந்தையையும் அப்படித் தெளிக்க முடியாது.

மும்பையை அமைத்தது துறைமுகமும் வணிகர் கையில் இருந்த பணமும். காவஸ்ஜி தாவர் 1854இல் முதல் ஆலையை நிறுவினார். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 16 அன்றுதான் மும்பை – தானே ரயில் ஓடியது. இருப்புப் பாதை போர் காட், தால் காட் கணவாய்களில் ஏறித் தக்காணத்தைத் தொட்டதும் கரிசல் மண்ணின் பருத்தி நேராகத் துறைமுகத்துக்கு இறங்கியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்துக்கு அமெரிக்கப் பருத்தி போகாத காலத்தில் மும்பை வணிகர்கள் குவித்த பணம், பிறகு ஆலைகளில் இறங்கியது. எந்திரமும் நிலக்கரியும் கப்பலில் வந்தன. அதில் நிலக்கரிதான் பலவீனம். மும்பைக்கு அருகில் சுரங்கமே கிடையாது.

இங்கேதான் மழைமானி சொன்ன விளிம்பு மறுபடி வருகிறது. லோனாவாலா பக்கத்தில் பெய்யும் மழை இயல்பாகக் கிழக்கே பீமா ஆற்றுக்குப் போக வேண்டியது. அதை ஏரிகளில் தேக்கி, மேற்கே திருப்பி, குழாயில் 500 மீட்டருக்கு மேல் கீழே கோபோலிக்கு இறக்கி, 1915இல் மும்பை ஆலைகளுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். டாட்டா நிறுவனத்தின் முதல் நீர்மின் நிலையம் அது. அடுத்து பிவ்புரி, பிரா. ஒரு கன மீட்டர் நீர் 500 மீட்டர் விழுந்தால் இழப்பு போக ஏறத்தாழ 1.2 யூனிட் மின்சாரம். சமவெளி அணையில் 30 மீட்டர் விழுந்தால் அதே நீர் 0.07 யூனிட்தான் தரும். சஹ்யாத்ரியில் நீர்மின்சாரத்துக்கு ஆற்றின் அளவு பொருட்டில்லை, வீழ்ச்சியின் உயரம்தான் எல்லாம்.

கோய்னா இதே உத்தியின் பெரிய வடிவம்: 1,960 மெகாவாட். கிருஷ்ணாவின் துணையாறான கோய்னாவின் நீரைச் சுரங்கவழியாக மேற்கே தள்ளி, மின்சாரம் எடுத்தபின் சிப்ளூண் அருகே வாசிஷ்டி ஆற்றில் விடுகிறார்கள், அது அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. கிழக்கே வறட்சியில் இருப்பவர்களுக்குச் சேர வேண்டிய நீர் அது என்ற சர்ச்சை இன்றும் உண்டு. கிருஷ்ணா நதிநீரைப் பங்கிட்ட பச்சாவத் தீர்ப்பாயம் இந்தத் திருப்பலுக்கு ஆண்டுக்கு 67.5 டி.எம்.சி. என்று உச்சவரம்பு வைத்தது. 1967 டிசம்பர் 11 கோய்னா நிலநடுக்கத்தையும் பாடத்தில் சேருங்கள். நீர்த்தேக்கத்தால் தூண்டப்பட்ட நிலநடுக்கத்துக்கு உலகெங்கும் காட்டப்படும் எடுத்துக்காட்டு.

1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தோடு மும்பை ஆலைகள் முடிந்தன என்பார்கள். பழைய எந்திரமும், தறியெல்லாம் பிவண்டிக்குப் பெயர்ந்ததும், நில விலையும் அதற்கு முன்பே அரித்துக்கொண்டிருந்தன. வேலைநிறுத்தம் கடைசி அடி.

கரிசல்மண்

கரும்பைப் பற்றி.

கோலாப்பூரையும் சோலாப்பூரையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் முதல் தவறு. கோலாப்பூர் மாவட்டத்தின் மேற்குப் பாதி சஹ்யாத்ரி விளிம்பிலேயே இருக்கிறது. பஞ்சகங்கா, வார்ணா ஆறுகள் மழைக்குப் பிறகும் ஓடும். இரவில் இதமான குளிர் இருப்பதால் கரும்பில் சர்க்கரை நன்றாகக் கட்டும், 100 கிலோ கரும்புக்கு 12 கிலோ சர்க்கரை அங்கே சாதாரணம். அங்கே கரும்பு வைப்பதில் நியாயம் இருக்கிறது.

சோலாப்பூரில் மழை 550 மி.மீ. சுற்றி. கரும்புக்கு வேண்டியது ஏறத்தாழ 2,000 மி.மீ. இடைவெளியை நிரப்புவது பீமா மீது கட்டிய உஜனி அணை. மொத்தக் கொள்ளளவு 117 டி.எம்.சி. இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் மதகுக்குக் கீழே தங்கும் நீர். அதையும் வறட்சி ஆண்டுகளில் பம்பு வைத்து எடுக்கும் நிலை வருகிறது. ஜூலை, ஆகஸ்டில் நட்டு ஒன்றரை ஆண்டு நிற்கும் ஆட்சாலி கரும்பு இரண்டு மழைக்காலத்தையும் ஒரு முழுக் கோடையையும் பார்க்கும். விளைச்சல் அதிகம், கோடையில் குடிக்கும் நீரும் அதிகம்.

விவசாயி ஏன் விடுவதில்லை? கரும்புக்கு மட்டும்தான் அரசு அறிவித்த விலையும் வாங்கிக்கொள்ளும் கடமைப்பட்ட ஆலையும் இருக்கின்றன. துவரைக்கும் வெங்காயத்துக்கும் அப்படி ஒரு வாசல் இல்லை. இதைச் சொல்லாமல் "பேராசை" என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

ஆலைகள் ஊருக்கு ஊர் சிதறி நிற்பதற்கும் காரணம் உண்டு. வெட்டிய கரும்பில் சர்க்கரை மணிக்கு மணி குறையும், 24 மணி நேரத்துக்குள் அரைத்தால்தான் லாபம். அதனால் ஆலை கரும்பைத் தேடிப் போக வேண்டும். மகாராஷ்டிரத்தில் இரு ஆலைகளுக்கிடையே 25 கி.மீ. இடைவெளி வேண்டும் என்ற விதியும் அதை ஒட்டியதே. பொருளியல் அறிஞர் தனஞ்செயராவ் காட்கிலின் துணையோடு விட்டல்ராவ் விகே பாட்டீல் பிரவரா நகரில் தொடங்கிய கூட்டுறவு ஆலைதான் இந்தப் பரவலுக்குத் தொடக்கம்.

மகாராஷ்டிரத்தின் உட்பகுதியான மராத்வாடாவுக்கு இன்னொரு சிக்கல் தரைக்கு அடியில். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக உறைந்த எரிமலைக் குழம்பின் கருங்கல் அது. கெட்டியான அடுக்கில் நீர் இறங்காது, சிதைந்த அடுக்கிலும் வெடிப்பிலும் மட்டுமே தங்கும். ஒரு வயலில் 60 மீட்டரில் தண்ணீர், பக்கத்து வயலில் 200 மீட்டர் போட்டாலும் புழுதி. ஆற்றுப் படுகை மணல்போல் ஊறி நிரம்பும் என்று நினைத்து ஆழ்துளை போட்டுப் போட்டுக் கடனாளி ஆனவர்கள் ஏராளம். 2016 ஏப்ரலில் லாத்தூருக்கு மிராஜிலிருந்து ரயிலில் குடிநீர் போனது, முதல் ரயிலில் 5 லட்சம் லிட்டர். அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்து ஹிவரே பஜார் போன்ற ஊர்கள் சரிவில் வரப்பும் அகழியும் வெட்டி மழையை நிறுத்தி, கரும்பையும் பாசன ஆழ்துளைக் கிணற்றையும் தவிர்த்து மீண்டிருக்கின்றன.

அந்தக் கருங்கல் சிதைந்துதான் கரிசல். ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் கை நுழையும் அளவு வெடிக்கும். மழை நின்றபின்னும் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் மானாவாரிப் பருத்தி நிற்கிறது. அதே மண்ணில் வடிகால் இல்லாமல் கரும்புக்கு நீரைக் கட்டிக்கொண்டே இருந்தால் உப்பு மேலேறி நிலம் வெளுத்துவிடும். சாங்கிலி, கோலாப்பூர் ஆற்றோர வயல்கள் பலவற்றில் இது நடந்திருக்கிறது.

ஓதநீர்

ஆலங் பற்றி யாரும் எழுதவில்லை. சுருக்கமாக.

காம்பத் வளைகுடா புனல் வடிவம். வாயில் அகன்று உள்ளே குறுகுவதால் ஏற்றநீர் உள்ளே போகப் போக உயர்கிறது, பாவ்நகர் பக்கம் ஏற்ற இறக்க வேறுபாடு 10 மீட்டரைத் தாண்டும். ஆலங்கில் கடற்கரை மெல்லிய சரிவு, அடித்தரை கெட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் கப்பலைக் குறைந்த பாரத்தோடு, சொந்த எந்திரத்தின் முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டி ஏற்றிவிடுவார்கள். இறக்கத்தில் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். முன்பகுதியிலிருந்து வெட்டுவார்கள். எடை குறையக் குறைய அடுத்தடுத்த ஏற்றங்களில் வின்ச் வைத்து மேலே இழுப்பார்கள். உலர் துறை கட்டும் செலவே இல்லை. 1983இல் தொடங்கியது. ஏற்ற நேரத்தைக் கணக்கிட்டதில் பிழை வந்தால் கப்பல் கரைக்கு எட்டாமல் நடுவில் குந்திவிடும், அடுத்த பெரிய ஏற்றத்துக்கு இரண்டு வாரம். தொட்டியில் எரிவாயு மிச்சமிருக்க வெட்டுவிளக்கு பட்டால் வெடிக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் வாயு நீக்கிய சான்றிதழ் இல்லாமல் வெட்டக் கூடாது என்ற விதி. கப்பல் மறுசுழற்சிக்கான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதே ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) துறைமுகங்களைக் கொன்றிருக்கிறது. ஏற்றத்தோடு வரும் வண்டல் படிந்து பழைய காம்பத் துறைமுகம் தூர்ந்தது. 2017இல் தொடங்கிய கோகா – தஹேஜ் வாகனப் படகுச் சேவையும் வண்டலோடு போராடி, 2020இல் கோகா – ஹஜிராவாக மாறியது. அதனால் பெரிய கப்பல் துறைகள் கட்ச் வளைகுடாவுக்குப் போயின. பிரிவினையில் கராச்சி போனதும் அதற்கு ஈடாகக் காண்ட்லா, பிறகு முந்த்ரா. ஜாம்நகரின் மாபெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம் அங்கே அமைந்ததற்கும் ஆழமான அந்த வளைகுடாதான் வசதி.

எண்ணெய் பற்றி ஒரே ஒரு விவரம். பார்மரின் மங்களா எண்ணெய் வயலில் 2009இல் உற்பத்தி தொடங்கியது. அந்தக் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம், 40 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். தார்ப் பாலைவனத்தின் குளிர்கால இரவைத் தாங்க, கடற்கரை வரை ஏறத்தாழ 670 கி.மீ. குழாயையும் வழிநெடுகச் சூடேற்றியே அனுப்புகிறார்கள்.

வரைபடப்பிரியன்

அனைவருக்கும் நன்றி. இனி பட்டியலை விட்டுவிட்டுக் குறுக்குவெட்டுப் படம் வரைந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. எந்தக் கோட்டில் வெட்டுவது, அளவுகோல் என்ன?

மழைமானி

ஹரிஹரேஷ்வர் கடற்கரை, மகாட், மகாபலேஷ்வர், பஞ்ச்கனி, வாய், பல்டண். கிடையில் 1 செ.மீ.க்கு 10 கி.மீ., நெடுக்கில் 1 செ.மீ.க்கு 500 மீட்டர். உயரம் 20 மடங்கு பெரிதாகத் தெரியும், அதைப் படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மாணவர்கள் சுவர்போல் மலை நிற்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். மேலே மழையைப் பட்டைகளாக: 1 செ.மீ.க்கு 1,000 மி.மீ. கிருஷ்ணா மகாபலேஷ்வரில் பிறப்பதையும் குறியுங்கள். அரபிக்கடல் 64 கி.மீ. தொலைவில் இருக்க, அது 1,400 கி.மீ. ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. பீடபூமி கிழக்கே சாய்ந்திருப்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கொங்கணத்தை வெறும் பச்சையாகத் தீட்டிவிடாதீர்கள். 3,000 மி.மீ. பெய்தும் ஏப்ரல், மே மாதத்தில் மலையோரக் கிணறுகள் வறண்டு டேங்கர் லாரி ஓடும் பகுதி அது. செம்புரைப் பாறை சல்லடைபோல் ஓட்டையானது, சரிவும் அதிகம், பெய்ததெல்லாம் சில நாட்களில் கடலுக்கு. தேவ்கட், ரத்னகிரி மாம்பழத்துக்கு அந்த வடிகால் நல்லது, குடிநீருக்குக் கெட்டது.

பாத்திக்கட்டு

இரண்டாவது வெட்டு ஒன்றும் போடுங்கள்: ஜாம்நகர் கரையிலிருந்து கட்ச் வளைகுடாவைத் தாண்டி, புஜ், பெரிய ரண் வரை. உயரம் பெரிதாக எதுவும் வராது, எனவே நெடுக்கு அளவை 1 செ.மீ.க்கு 100 மீட்டராக மாற்ற வேண்டும். மழைப் பட்டைக்குப் பக்கத்தில் ஆவியாதல் பட்டையையும் வரையுங்கள். உப்பு எங்கே விளையும் என்று மாணவர்களே விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள். ரண்ணை நிலமாகவும் தீட்ட வேண்டாம், நீராகவும் தீட்ட வேண்டாம், ஜூலைக்கு ஒரு நிறம், பிப்ரவரிக்கு ஒரு நிறம் என்று கோடு போட்டுக் காட்டுங்கள்.